ஆற்றுப்படுத்த வந்த அளவுகோல்

பில் காஸ்பி மீதான 2018ஆம் ஆண்டு மறுவிசாரணையிலும் ஹார்வி வைன்ஸ்டைன் மீதான 2020ஆம் ஆண்டு விசாரணையிலும் மனநல மருத்துவர் பார்பரா ஸிவ் அரசுத் தரப்புச் சாட்சியாக நின்ற பிறகு, பாலியல் வன்முறை வழக்குகளில் உளவியல் வல்லுநரைக் கூண்டேற்றுவது அமெரிக்க நீதிமன்றங்கள் அடைந்த தெளிவின் அடையாளமாகப் பேசப்படுகிறது. உடனே புகார் செய்யாதவர் பொய்யர், தாக்கியவனோடு பின்னர் பேசியவர் இசைந்தவர் என்னும் ஊறிய நம்பிக்கைகளோடு ஜூரியில் அமர்வோர் உண்டு என்பதும், அவர்களுக்கு விளக்கம் தேவை என்பதும் மறுக்க இயலாதவை.

ஆனால் அந்த விளக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. செவிலியர் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரோமும் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த 92 பெண்களிடம் பேசி, தாக்குதலுக்குப் பின் உடலிலும் மனத்திலும் நடத்தையிலும் தோன்றும் அறிகுறிகளின் திரட்டுக்கு 1974இல் 'வன்புணர்வு அதிர்ச்சி நோய்க்குறித் தொகுப்பு' என்று பெயரிட்டனர். வந்தவர் சொன்னதை மெய்யெனக் கொண்டு அவரை ஆற்றுப்படுத்தப் பிறந்த அக்கருத்தில், அழுது அரற்றுபவருக்கும் சலனமின்றி அமர்ந்திருப்பவருக்கும் ஒருங்கே இடமுண்டு. சிகிச்சைக்கு இந்த விரிவு நல்லது. நடந்ததா இல்லையா என்று பிரித்தறிய வேண்டிய இடத்தில், எதையும் விலக்காத பட்டியலால் ஆவது ஒன்றுமில்லை.

இதை உணர்ந்தே, குற்றம் நடந்ததை மெய்ப்பிக்க இத்தொகுப்பைப் பயன்படுத்தலாகாது, தவறான நம்பிக்கைகளைக் களைய மட்டும் பயன்படுத்தலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984இல் பிளெட்ஸோ வழக்கில் கோடு கிழித்தது. 1990இல் டெய்லர் வழக்கில் நியூயார்க்கும் ஏறத்தாழ அதையே செய்தது. புகார்தாரரைச் சந்தித்தே இராத வல்லுநர், பாதிக்கப்பட்டோர் இப்படியும் நடந்துகொள்வர் என்று சொல்லக் கேட்கும் ஜூரி, ஆகவே இவரும் பாதிக்கப்பட்டவரே என்ற அடுத்த வாக்கியத்தைத் தானே நிரப்பிக்கொள்ளாது என்று நம்புவதற்கு நீதிபதிகளுக்கே உரிய ஒரு வெகுளித்தனம் வேண்டும்.

அதைவிடக் கொடியது, வாசல் இரு பக்கமும் திறப்பது. தாக்குதலுக்குப் பின் புகார்தாரர் மதுக்கூடத்தில் குடித்து நடனமாடியதாகச் சாட்சியம் இருந்த ஹென்சன் வழக்கில், அந்நடத்தை இத்தொகுப்போடு பொருந்தாது என்று கூறவிருந்த எதிரித் தரப்பு வல்லுநரை விலக்கியது தவறு என இந்தியானா உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. 'உண்மையான பாதிக்கப்பட்டவள் ஆடுவாளா?' என்ற தெருவோரக் கேள்வி அன்று பட்டத்தோடும் கட்டணத்தோடும் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. அதற்குக் கதவு திறந்துவிட்டவர்கள் பெண்களின் நலன் நாடியவர்களே.

இங்கிலாந்தில் தவறான நம்பிக்கைகளைக் களையும் வேலையை நீதிபதியின் அறிவுரை செய்கிறது. அதிர்ச்சியும் வெட்கமும் புகாரைத் தாமதப்படுத்தக்கூடும் என்று ஜூரிக்கு நீதிபதி நடுநிலையோடு நினைவூட்டலாம் என்பதை 2008இல் டூடி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அந்த அறிவுரையை மறுக்க எதிர்த்தரப்பு வல்லுநர் எவரும் எழுந்து நிற்பதில்லை.