கருங்கூந்தலும் கணினித் தூரிகையும்

மகளிர் கூந்தலுக்குத் தமிழ்ப் புலவர் கூறிய உவமைகள் பல. அவற்றுள் முகிலை யாவரும் அறிவர். அறல் என்பதை இக்காலத்து மாணாக்கர் பலர் அறியார். ஓடும் நீர் கருமணலை வரிவரியாகப் படியவிட்டுச் செல்லும் தோற்றமே அறல். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இல்மனைற்று என்னும் கரிய கனியம் செறிந்த அக்கரையில், அலை மீளுந்தோறும் மணல் நெளிநெளியாய் ஒதுங்கும். வெயில் படும்போது நெளிவுகளின் முகட்டில் மெல்லிய ஒளிக்கோடு ஓடும். முகில் என்ற புலவன் கூந்தலின் திரளைக் கண்டான். அறல் என்ற புலவன் அத்திரளின்மேல் ஒளி செல்லும் வழியைக் கண்டான். இவ்விரண்டையும் ஒருங்கே காணாமையே நம் இளைஞர் எழுதும் கணினி ஓவியங்களின் பெருங்குறை.

போட்டோசொப் 1990இல் வெளிவந்தது. 1994இல் அதன் மூன்றாம் பதிப்பில், ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கும் லேயர்கள் சேர்ந்தன. இன்று கிரிட்டா போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கருவி வந்த வழியே பாடமும் வந்தது. அப்பாடங்களிற் பல, பொன்னிறக் கூந்தலையும் பழுப்புக் கூந்தலையும் முன்வைத்து அமைந்தவை. இடைநிறம் ஒன்றை நிரப்புக. அதனினும் இருண்ட சாயலால் நிழலிடுக. வெளிறிய சாயலால் மினுக்கம் தருக. பின்னர்த் தேய்த்துக் கலக்குக என்பதே அவை கூறும் முறை. பொன்னிறத்துக்கு அது பொருந்தும். ஆயின் கருமையின் வெளிறிய சாயல் சாம்பலன்றி வேறு யாது? தன் தாயின் உருவத்தை எழுதப் புகுந்த மாணாக்கன், அவள் தலையிற் சாம்பல் நிறத் தொப்பியொன்றைக் கவிழ்த்துவிடுகிறான். சாம்பலுக்கு அஞ்சியவன் பழுப்பை நாடுகிறான். அப்போது முகம் நம்மூர் முகமாகவும் முடி பிறநாட்டு முடியாகவும் முடிகின்றன. தாய் தன் படத்தைப் பார்த்து, இது யார் என்று வினவுமளவுக்கு இப்பிழை செல்லும்.

இதற்குரிய காரணத்தை ஒளிநூலார் தெளிவாக்கியுள்ளனர். கணினிப் படங்களிற் கூந்தலை எவ்வாறு காட்டுவது என்பதை 1989இல் கஜியாவும் கேயும் ஆராய்ந்தனர். 2003இல் மார்ஷ்னர் முதலியோர் அவ்வாராய்ச்சியைப் பெரிதும் திருத்தினர். அவர் கருத்துப்படி, மயிரிழை மீது வீழும் ஒளி மூவழிப்படும். ஒரு கூறு மேற்பரப்பிலேயே தெறித்து மீளும். இது இழையின் நிறத்தை ஏற்காது, விளக்கின் நிறத்தையே காட்டும். மற்றொன்று இழையை ஊடுருவி அப்பாற் செல்லும். மூன்றாவது உட்புகுந்து, பின்சுவரில் மோதி, இழையின் நிறம் தோய்ந்து வெளிவரும். பொன்னிற முடியில் இம்மூன்றும் வலியுடையன. ஆதலால் அதன் மினுக்கமும் பொன்னாகவே தோன்றுகிறது. கருமுடியிலோ உட்புகுந்த ஒளியின் பெரும்பகுதியை மெலனின் விழுங்கிவிடும். எஞ்சுவது மேற்பரப்பின் தெறிப்பே. ஆகவே கருங்கூந்தலின் மினுக்கத்துக்கு நிறம் தருவது கூந்தல் அன்று, சூழ்ந்துள்ள உலகமே.

இவ்வுண்மைக்குத் திருகோணமலைத் துறைமுகம் நல்லதொரு பாடசாலை. நண்பகலில் உட்துறைமுகக் கரையில் நிற்பவளின் உச்சிமுடியில் வானத்தின் நீலம் படியும். பிடரியிலும் காதோரத்திலும் நீர்ப்பரப்பிலிருந்து எழும் ஒளி கீழிருந்து மேலாகத் தொடும். மாலையில் அதே முடி செம்பொன் வரி கொள்ளும். இரவில் வீட்டு விளக்கின் கீழ் மஞ்சள் வரி கொள்ளும். முடி மாறவில்லை, ஒளி மாறியது. அறையில் இருந்துகொண்டு, ஒளி இடப்புறத்திலிருந்து வருகிறது என்று பாடத்திற் கண்டபடி எழுதுபவனுக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது.

இரவிவர்மா கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணை எழுதிய ஓவியம் 1873இல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு பெற்றது. கருங்கூந்தலையும் வெண்மலரையும் அருகருகே வைப்பது ஓவியனுக்குக் கடுஞ்சோதனை. படத்தின் மிக்க வெண்மை மலருக்கே உரியது. மினுக்கம் அதனுடன் போட்டியிட்டால் மலரும் கெடும், முடியும் கெடும். கணினியில் எழுதுபவர் இவ்வளவுகோலைக் கைக்கொள்வாராயின் பாதிப் பிழை நீங்கும். ஒரு நிறக்கூற்றுக்கு 0 முதல் 255 வரை படிகள் உள்ளன என்பதற்காக, மினுக்கத்தை 255 வரை ஏற்ற வேண்டும் என்பதில்லை. அவ்வாறே திரள் முழுவதையும் 0 என்னும் முழுக்கருமையால் நிரப்புவதும் தவறு; அதனை வகிட்டின் ஆழத்துக்கும் பின்னலின் இடுக்குக்கும் காதின் பின்புறத்துக்கும் ஒதுக்கிவைத்தல் நன்று. தமிழ் வார இதழ்களின் வாசகர் நெடுங்காலம் அறிந்த ஓவியர் மாருதி (1938–2023), மகளிர் முகத்துக்குக் கூந்தலைக் கறுப்பு மையாக அன்றி முகத்தைத் தாங்கும் சூழலாக அமைத்தவர். அவர் படங்களை வெட்டி ஒட்டி வைத்த பழைய ஏடுகள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் வேறு பாடம் தேட வேண்டா.

இனிக் கலப்பு. நிறங்கள் ஒன்றில் ஒன்று மறைய வேண்டும் என்று எண்ணி, தேய்க்கும் கருவியால் முடி முழுவதையும் தடவுவது இன்று நோயாகவே பரவியுள்ளது. அக்கருவி அண்மையிலுள்ள நிறங்களைச் சராசரியாக்குவதன்றி வேறொன்றும் அறியாது. வானத்தின் நீலமும் மாலையின் செம்மஞ்சளும் அதன் கையிற் சிக்கினால் சாம்பலே பிறக்கும். அதனினும் கேடு, முகடுகளின் கூர்மை அழிந்து கூந்தல் பட்டுத்துணியாகிவிடும். நல்லெண்ணெய் தேய்த்துச் சீவிய முடியில் இழைகள் கற்றை கற்றையாய் ஒட்டி நிற்கும். ஒளிவரி அகலங்குறைந்து கூர்மையாய் விழும். அங்கே மினுக்கத்தின் இரு முனைகளை மட்டும் மென்மையாக்கி, நடுவைத் தொடாது விடுதலே கலப்பு. இழை இழையாய் எழுதுவாரும் உளர்; தலையில் ஏறத்தாழ ஓரிலட்சம் இழைகள் உண்டு என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராக.

பழுப்புக்கும் கருங்கூந்தலில் இடம் உண்டு. ஆனால் அவ்விடம் மினுக்கம் அன்று. கதிரவன் பின்னே நிற்க, தலையோரத்துத் தனியிழைகளை ஊடுருவி ஒளி வரும்போது, தடித்த திரளில் மாண்டுபோன செம்மை மெல்லிய ஓரத்தில் உயிர்பெறுகிறது. வெயிலிலும் உப்புநீரிலும் நாள்தோறும் கிடக்கும் கரையோரச் சிறுவர்க்கு இச்செம்பட்டை தலை முழுவதும் பரவியிருக்கும். அவர்களை எழுதப் புகுவோன் பழுப்பை அஞ்சாது எடுக்கலாம். வேர்ப்பக்கம் மட்டும் கருமை குன்றாது விடல் வேண்டும்.