யார் யாரை அழைப்பது?

சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. வெடிமருந்து புழங்கும் இடத்தில் அது நியாயமான விதிதான். ஆனால், மனம் உடைந்தால் 14416-க்குப் பேசுங்கள் என்று சொல்பவர்கள் ஆலையில் சரம் பின்னும் பெண்ணை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பகலெல்லாம் போன் அவளிடம் இல்லை. இரவில் அது மகன் கையில். யார் காதிலும் விழாமல் பேச வீட்டில் தனி அறையும் கிடையாது.

14416, அதாவது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது. தமிழக அரசின் 104 உதவி எண் அதற்கும் முந்தியது; சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986-லிருந்தே இயங்குகிறது. நடுராத்திரியில் ஒரு குரல் தேடுபவருக்கு இவை பெரிய துணை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அழைத்துப் பேசியவர்களின் தவிப்பு பேச்சு முடிவதற்குள் தணிவதாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் அதனால் ஒரு வட்டாரத்தில் சாவு குறைகிறதா?

சாட் வரா 1953-இல் லண்டனில் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசிச் சேவையான சமாரிட்டன்ஸைத் தொடங்கினார். அதன் கிளைகள் இருந்த ஊர்களில் தற்கொலை குறைந்ததாக 1968-இல் ஆய்வாளர் பேக்லி எழுதினார். 1978-இல் ஜென்னிங்ஸ், பாரக்ளோ முதலியோர் ஊர்களை இன்னும் கவனமாக இணைசேர்த்துப் பார்த்தார்கள், வித்தியாசம் காணோம். அந்தக் காலத்துச் சரிவுக்குப் பெரிய காரணம், வீட்டு எரிவாயுவின் நச்சுத்தன்மை நீங்கியது. இலங்கையிலும் சுமித்ரயோ என்ற இதே போன்ற அமைப்பு 1974 முதல் உழைத்தது. எண்ணிக்கை வெகுவாக இறங்கியதோ கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு.

தொலைபேசி பலன் தந்த இடம் வேறு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஐந்து நாடுகளில் 1,867 பேர். சென்னையும் ஒரு களம். பாதிப்பேரிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். இந்தக் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற குழுவில் 18 பேர். சிறிய எண்கள்தான். பிரெஞ்சு பாலினேசியாவில் இதே முறையைச் சோதித்தபோது பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும், கூப்பிடட்டும் என்று காத்திருப்பதைவிடக் கூப்பிட்டு விசாரிப்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது.

நம் அரசுக்கும் இது புதிதல்ல. 2021 செப்டம்பரில் நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை 104 உதவி எண்ணின் ஆலோசகர்களே அழைத்துப் பேசினார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் தமிழகத்தில் பதிவு செய்த தற்கொலைகள் 19,834. நாட்டளவில் அவ்வாண்டு தற்கொலையால் இறந்தவர்களில் கால்வாசிக்கு மேல் தினக்கூலிகள். மாணவர்களைத் தேடிப் போன அழைப்பு அவர்களைத் தேடிப் போகவில்லையே!

என் தீர்ப்பு இதுதான்: விருதுநகர் மாவட்டத்தில் 14416 விளம்பரப் பலகைகளைக் கூட்டுவது இரண்டாம்பட்சம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிவகாசி அரசு மருத்துவமனையிலும் தற்கொலை முயற்சிக்குப் பின் பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவரையும், சம்மதம் பெற்று, ஒன்றரை ஆண்டு தொடர்ந்து விசாரிக்க வேண்டும். போன் இல்லாத வீட்டுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் போகலாம்.

2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியத்துக்குத் தடை விதித்த பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படிப்பட்ட காலத்தில் வாங்கிய கடனுக்கு ஆலோசகரின் ஆறுதல் வட்டி கட்டாது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. விசாரிப்பவர் கந்துவட்டிப் புகாரைக் கலெக்டர் அலுவலகம் வரை கொண்டுபோக வழி செய்யாவிட்டால், ஒன்பது அழைப்பும் நலம் விசாரிப்பாகவே முடியும்.