ஏலக்காய் மூட்டையும் ஒரு கொலையும்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஏலக்காய் என்றால் ஏலக் கூடமும் அன்றைய விலையும்தான். அந்தக் காய் மூட்டையாக மனிதத் தலையில் ஏறி மலையிறங்கிய காலத்தைக் காட்டிய படம், லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. தயாரித்தவர் விஜய் சேதுபதி; ஆனாலும் அவர் நடிக்கவில்லை. நட்சத்திரமே இல்லாத படம்.

இதைப் பயணப்படம் என்றுதான் சொல்வேன். முதல் பாதி முழுக்க நடை. சுமைகூலி ரங்கசாமி மலையேறுகிறான், வழியில் பார்ப்பவரிடமெல்லாம் நின்று பேசுகிறான். தேனி ஈஸ்வரின் கேமரா அவசரப்படாமல் கூடவே வருகிறது. நிலம் வாங்கும் கனவோடு அவன் சுமந்து வந்த மூட்டை கைநழுவிச் சரிவில் உருண்டு, பிரிந்து, காய்கள் சிதறும் காட்சி இருக்கிறதே! வில்லன் இல்லை, அடிதடி இல்லை. ஒரு குடும்பத்தின் சேமிப்பு பள்ளத்தில் போகிறது. இளையராஜாவும் தேவையான இடத்தில் மட்டுமே வாசிக்கிறார்.

குறை, குற்றம் நுழையும் இடத்தில்தான். மலைக்கு ரோடு வருகிறது, சுமைகூலிகளின் பிழைப்பு போகிறது, கோபம் கொலையில் முடிகிறது, ரங்கசாமி ஜெயிலுக்குப் போகிறான். நடைக்கு அவ்வளவு நேரம் கொடுத்த படம் இதையெல்லாம் தாவித் தாவிக் கடக்கிறது. முதலாளி தரப்பும் ஒற்றை நிறம். கணவன் இல்லாத வருடங்களை ரங்கசாமியின் மனைவி ஈஸ்வரி எப்படித் தள்ளினாள்? அதற்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். நான் பார்க்க ஆசைப்பட்டது அந்தப் படத்தைத்தான்.