யார் கையில் கேமரா

நாட்டிய ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் ஒரு புகார் வந்துவிடுகிறது. இந்தக் காலத்துப் பெண்கள் ஆடுவதைவிட ஆடியதைக் காட்டுவதில்தான் குறியாக இருக்கிறார்கள். அரங்கேற்றம் முடிந்த மறுநாளே இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கிவிடுகிறார்கள். மை தீட்டுவதும் ரீல், சலங்கை கட்டுவதும் ரீல். அந்தக் காலத்துக் கலைஞர்கள் இப்படியா இருந்தார்கள்? மீனாட்சி கோயில் ஆடிவீதியில் நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் இதைச் சொல்கிறார்கள். மார்கழிக்குச் சென்னை போய்வரும் என் சக ஆசிரியைகளும் சொல்கிறார்கள். புகாரில் பாதி எனக்கும் உடன்பாடுதான். அதற்கு வருமுன் மற்ற பாதியைக் கொஞ்சம் உலுக்கிப் பார்க்க வேண்டும்.

'அந்தக் காலம்' என்று இவர்கள் சொல்லும்போது மனதில் இருக்கும் பெயர்களில் இரண்டு மதுரையில் பிறந்தவை. ருக்மிணி தேவி 1904இல் பிறந்தார், எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல். ஒருவர் நடனம், மற்றவர் பாட்டு. தங்களைப் பற்றித் தாங்களே பேசிக்கொள்ளாத அடக்கத்துக்காக இருவரும் புகழப்படுகிறார்கள். பேசவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எம்.எஸ்ஸை மணந்த சதாசிவம் ஆனந்த விகடனில் விளம்பரப் பிரிவில் இருந்தவர். 1941இல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நாரதராக நடித்துக் கிடைத்த பணம் 'கல்கி' பத்திரிகை தொடங்க உதவியது. அதன் ஆசிரியர் கல்கி, அன்றைக்குச் செல்வாக்கு மிக்க இசை விமர்சகர், குடும்ப நண்பர். மனைவியின் சம்பாத்தியத்தில் பிறந்த பத்திரிகை, அதை நடத்தியவர் கணவர், எழுதியவர் நண்பர். இதற்குமேல் அந்த அம்மாள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் குரலின் மேன்மையில் இது ஒரு குன்றிமணி அளவும் குறைக்காது. ஆனால் அடக்கம் என்பதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாற்றில் முதன்முதலாக மேடையேறியது பிரம்மஞான சபையின் வைரவிழாவில். சபையின் உலகத் தலைவர் அப்போது அவருடைய கணவர் அருண்டேல். நாடு நாடாக இருந்து வந்த விருந்தினர்கள் முன்னால் அந்த ஆட்டம் நடந்தது. அவருக்கு நடன ஆசையை மூட்டியவர் ரஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவா. பாலே ரசிகர்கள் இன்றும் தெய்வமாகப் பேசும் அந்தப் பாவ்லோவாவின் பெயர், முகத்துக்குப் பூசும் கிரீமின் விளம்பரத்தில் வந்தது. ரீலில் அழகுசாதனம் விற்கும் பெண்ணைப் பார்த்து 'கலை கெட்டது' என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பின்னால் போகலாம், தமிழாசிரியைக்கு அந்த வழி பழக்கமானது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் சோழன் முன் ஆடி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் மாலையும் பெறுகிறாள். அடுத்து நடப்பதை வகுப்பில் அவசரமாகக் கடந்துவிடுவோம். செல்வர் வீட்டு இளைஞர்கள் உலவும் தெருவில் ஒரு கூனி அந்த மாலையை விற்பவள்போல நிற்கிறாள். மாலையை வாங்குகிறவனுக்கு மாதவி. கோவலன் வாங்கிவிடுகிறான். நடனக்காரிக்கு விளம்பரம் இன்று நேற்று வந்ததில்லை. மாலையைத் தெருவுக்கு அனுப்பியவள் மாதவியில்லை, அவள் வீட்டார். தன்னை எப்படிக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பதில் அந்தப் பன்னிரண்டு வயதுக்காரியின் சம்மதத்தை யாரும் கேட்டதாகக் காவியம் சொல்லவில்லை.

ஆகவே விளம்பரம் எப்போதும் இருந்தது. வீட்டாரும் கணவரும் சபையும் பத்திரிகையும் செய்தவரை அதற்குப் பெயர் ஆதரவு, ஊக்கம், ரசனை. பெண்ணே செய்யத் தொடங்கியதும் சுயவிளம்பரம் ஆகிவிட்டது. எரிச்சலில் பாதி இதிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

இனி, எனக்கு உடன்பாடான பாதி. ரீல் நாட்டியத்துக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். ஒரு வர்ணம் அரை மணிநேரத்துக்குக் குறையாது, முக்கால் மணியும் போகும். ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுகிறவள் ஒவ்வொரு தடவையும் அதற்கு வேறொரு பொருள் கண்டு காட்டுகிறாள். முதல் தடவை கோபம், அடுத்தது கெஞ்சல், பிறகு தன்மீதே சிரிப்பு. மூன்றாவது தடவைதான் நமக்கு நெஞ்சில் இறங்கும். ரீலில் மூன்றாவது தடவை கிடையாது. அங்கே செல்லுபடியாவது தீர்மானத்தின் வேகம், தாண்டல், கண்வெட்டு, சுழற்சி. பாலசரஸ்வதி 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டார்; அலாரிப்பு கோபுரம், பிறகு மண்டபங்கள், வர்ணத்தில் சன்னிதி, பதத்தில் கருவறையின் அமைதி என்று உள்ளே உள்ளே அழைத்துப் போகும் வரிசை அது. ரீல் பார்க்கிறவர்கள் தெற்குக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் ஜிகர்தண்டா குடிக்கப் போய்விடுகிறார்கள்.

போய்விட்டுப் போகட்டும் என்று விடலாம்தான். ஆனால் ஆடுகிறவளும் கோபுரத்தை மட்டுமே கட்டப் பழகிவிடுகிறாள். சமீபத்தில் நான் பார்க்கும் இளைய ஆட்டங்களில் அரைமண்டி சுத்தம், கால் சுத்தம், உடல் வலு முந்தைய தலைமுறையைவிடக் கூடியிருக்கிறது. குறைந்திருப்பது நிற்கும் நேரம். ஒரு பாவனை முகத்தில் பழுக்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. பதிவுசெய்த பாட்டுக்கு ஆடி ஆடி, நேரில் ஒரு பாடகர் ஒரு சொல்லை இழுத்துக்கொடுத்தால் அதை என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறவர்களையும் பார்க்கிறேன். இளங்கோ ஆடுகிறவளைப் பற்றிச் சொல்லும் முன் ஆடலாசிரியன், பாடலாசிரியன், தண்ணுமை வாசிப்பவன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவர் தகுதியையும் வரிசையாகச் சொன்னார். மேடையின் நீள அகலத்தைக்கூடக் கோல் கணக்கில் சொன்னார். ரீலில் மிருதங்கக்காரரின் விரல் நுனிகூடத் தெரிவதில்லை.

இப்படி எழுதினால் தோழிகள் சிலர் வருத்தப்படுகிறார்கள். ஏற்கெனவே எல்லோரும் அந்தப் பெண்களைக் கிழிக்கிறார்கள், நாமுமா என்கிறார்கள். அந்தக் கிழித்தலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அது விமர்சனமே இல்லை. ஆடுகிறவள் குண்டாகிவிட்டாள், கறுப்பு, பிள்ளை பெற்ற பிறகு எதற்கு ஆட்டம், மூக்கு எடுப்பாக இல்லை. ஆட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. சத்யஜித் ராய் 1976இல் பாலசரஸ்வதியைப் படமெடுத்தபோது அவருக்கு 58 வயது, கனத்த உடம்பு. கடற்கரையில் காற்று சேலையைப் பறக்கடிக்க, கண்ணனை வா வா என்று அவர் கூப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு உடல்வாகு பற்றிய பேச்சு எவ்வளவு அற்பம் என்று தெரியும். உடம்பைப் பற்றிய வசவுக்கு மாற்று வெறும் இதயக்குறி அல்ல. ஒரு பெண் இருபது வருடம் பயின்று ஆடுகிறாள் என்றால், எந்த இடத்தில் நன்றாக இருந்தது, எந்த இடத்தில் தாளம் சறுக்கியது என்று சொல்வதற்கு உட்கார்ந்து பார்த்தவர் ஒருவராவது அவளுக்கு வேண்டும். 'சூப்பர் அக்கா' என்பதும் ஒருவகை அலட்சியம்தான்.

அதே படத்தைப் பார்க்கும்போது இன்னொன்றும் தோன்றும். பாலசரஸ்வதியின் முப்பது வயது ஆட்டத்துக்கு இப்படியொரு படம் நமக்கு இல்லை. 1931இல் மியூசிக் அகாதெமியில் ஆடிய கல்யாணி மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் எப்படி ஆடினார்கள் என்பதை எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. பரம்பரையாக ஆடிய குடும்பங்களின் பெண்கள் கையில் அன்றைக்கு ஒரு கேமரா இருந்திருந்தால் சதிர் பரதநாட்டியமான கதையை மற்றவர்கள் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிறது விராலிமலை. அந்த முருகன் கோயிலில் ஆடிய 32 பெண்களில் எஞ்சியிருப்பவராக அறியப்படும் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ வந்தது. எண்பதைத் தாண்டிய வயதில் அவர் உட்கார்ந்தபடியே பாடிக் காட்டும் அபிநயத்தை என் மாணவிகள் செல்போனில்தான் முதலில் பார்த்தார்கள். பாடத்திட்டத்தில் அவர் பெயர் இல்லை. இசை வேளாளர் மரபில் வந்த நிருத்யா பிள்ளை, சபாக்களின் சாதியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் சமூக ஊடகத்தில் எழுதிவருகிறார். சண்டைக்காரி, கவனம் தேடுகிறவர் என்றெல்லாம் அவரைச் சொல்கிறார்கள். மேடை கிடைக்காதவர் பேசக் கிடைத்த இடத்தில் பேசுகிறார், அதற்கும் சுயவிளம்பரம் என்றுதான் பெயர். 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தரையில் உட்கார்ந்தார்களே, அந்தப் பேச்சும் முதலில் பரவியது இதே ஊடகத்தில்தான். குருவைப் பற்றி வாய் திறந்தால் மேடை போய்விடும் என்று பழக்கப்பட்ட உலகத்தில், ஒரு பெண்ணுக்குத் தன் பெயரில் தனியாகக் கொஞ்சம் பார்வையாளர்கள் இருப்பது சின்ன விஷயமல்ல.

இவ்வளவும் பரதநாட்டியம் பற்றி. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் சபா வாசலை மிதித்ததில்லை. பங்குனி பிறந்தால் வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் மாரியம்மன் கோயில்களில் பொங்கல் வந்துவிடும். நையாண்டி மேளமும் கரகாட்டமும் அப்போதுதான். ஆடல் பாடலுக்குக் காவல் நிலையம் அனுமதி மறுப்பதும், ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனுப் போடுவதும், ஆபாச அசைவு கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனையோடு உத்தரவு வாங்கிவருவதும் வருடாவருடம் நடப்பவை. நிபந்தனைகள் ஆட்டக்காரியின் இடுப்புக்கும் பாவாடைக்கும்தான். கீழே உட்கார்ந்து செல்போனைத் தாழ்த்திப் பிடிக்கும் கைக்கு நிபந்தனை எதுவும் நான் பார்த்ததில்லை.

யூடியூபில் கரகாட்டம் என்று தேடிப் பாருங்கள். தலைப்புகளை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. படமெடுக்க அனுமதி தந்தது விழாக் கமிட்டி, வருமானம் சேனல்காரருக்கு, வசவு மட்டும் ஆட்டக்காரிக்கு. உசிலம்பட்டிப் பக்கம் இருபது வருடமாக ஆடும் ஓர் அக்காவோடு இதைப் பற்றி நெடுநேரம் பேசினேன். படமெடுப்பதில் அவருக்குக் கோபமில்லை. எதை எடுக்கிறார்கள் என்பதில்தான். தலையில் கரகம் அசையாமல் ஏணி ஏறுவார், பின்னால் வளைந்து தரையில் கிடக்கும் ரூபாய்த் தாளைக் கண் இமையால் எடுப்பார், தவில்காரர் எந்தக் காலத்தில் போனாலும் விடாமல் அடி போடுவார். இதெல்லாம் முதல் இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும். அப்போது ஒரு போனும் மேலே எழாது. கோமாளி வந்து பேச்சு வளர்க்கிற நேரத்தில்தான் போன்கள் எழும், அந்த மூன்று நிமிடம்தான் ஊரெல்லாம் போகும். வர்ணத்தின் மூன்றாவது தடவை எங்கே தொலைந்ததோ அங்கேதான் இவருடைய ஏணியும் தொலைந்திருக்கிறது. வித்தியாசம், சபாவில் ஆடும் பெண் தன் வர்ணத்தைத் தானே வெட்டிப் போடுகிறாள். இவரை மற்றவர்கள் வெட்டுகிறார்கள்.

போன வைகாசியில் அவர் மகள் ஓர் ஆன்ட்ராய்டு போனை மூங்கில் கழியில் கட்டி, ஏணி ஏறுவதை முழுதாக எடுத்திருக்கிறாள். கிளி வைத்த கரகம், பதினெட்டுப் படி, மேலே நின்று ஒரு சுற்று, இறங்கி ஒரு கும்பிடு, பதினொரு நிமிடம். நான் பார்த்தேன், அற்புதமாக இருக்கிறது. ஏழாவது படியில் மட்டும் கால் மாற்றுவதில் ஓர் அவசரம் இருக்கிறது என்று சொன்னேன், அவரும் ஆமாம் டீச்சர், அன்றைக்கு முழங்கால் வலி என்றார். சொந்தமாகச் சேனல் தொடங்கிப் போட மகளுக்கு ஆசை. தலைப்பில் அம்மாவின் பெயரைப் போடுவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள்.