ஐந்து நாள் தியானமும் ஆறாம் நாள் விசுவாசமும்

ஞாயிறு பூசைக்கு ஏனோதானோவென்று போய்வரும் கத்தோலிக்கருக்குச் சேலம் அம்மாபேட்டைப் பக்கத்தில் உறவினர்கள் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: "ஒரு தடவை தியானத்துக்குப் போயிட்டு வாங்க, எல்லாம் மாறும்." பெரும்பாலும் அது கேரளத்தின் முரிங்கூர் தியான மையத்தைக் குறிக்கும். சேலம் சந்திப்பில் ரயில் ஏறினால் பாலக்காடு, திருச்சூர் தாண்டிச் சாலக்குடி. அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்குள்ள ரயில் நிறுத்தத்துக்கே டிவைன் நகர் என்று பெயர். இந்த மருந்து எதைக் குணமாக்குகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டியூகேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் மேற்கொண்ட வார இறுதித் தியானத்திலிருந்து கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் கிளம்பியது. அந்த இயக்கத்தின் பாணியில் வின்சென்சியன் குருக்கள் 1977இல் சாலக்குடி அருகே போட்டாவில் தொடங்கிய தியானப் பணி, 1990இல் முரிங்கூருக்கும் விரிந்தது. ஞாயிறு முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கி, மறையுரை, புகழ்ச்சி, பாவசங்கீர்த்தனம், நற்கருணை ஆராதனை என்று நாள்கள் நகரும். தமிழிலும் தியானம் உண்டு.

இதன் பலன்களைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. ஆண்டுக்கணக்கில் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கமே போகாதவர் அங்கே மனம்விட்டுப் பேசுகிறார். ஐம்பத்து மூன்று மணிச் செபத்தைத் தவிர வேறு செபம் அறியாதவர் சொந்த வார்த்தையில் கடவுளோடு பேசப் பழகுகிறார். பொது மொழிபெயர்ப்பு விவிலியம் 1995இல் வெளிவந்தாலும், வாங்கிய வீடுகள் பலவற்றில் அது திருவுருவங்களுக்கு அருகில் பத்திரமாகவே இருந்தது. தியானத்துக்குப் போய்வந்தவர்தான் அதைக் கையில் எடுக்கிறார். குடியை விட்டவர்களும் உண்டு. பங்குக் கோயில் பல ஆண்டுகளில் செய்யாததை ஐந்து நாள் செய்துவிடுகிறது என்றால், வெட்கப்பட வேண்டியது பங்குதான்.

குறை தொடங்குவது அளவுகோலில். அழுதவர் தொடப்பட்டவர், அழாதவர் கல்நெஞ்சர் என்ற எண்ணம் கூட்டத்தில் தானாகவே உருவாகிவிடுகிறது. லொயோலா இஞ்ஞாசியார் இதை முன்பே அறிந்திருந்தார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவரது ஆன்மிகப் பயிற்சிகள், சுமார் முப்பது நாள், தனித்தனியே ஒரு வழிகாட்டியோடு நடப்பவை. உள்ளம் பொங்கும் நேரத்தில் அவசர வாக்குறுதிகளைத் தர விடாதே என்று வழிகாட்டியை அவர் எச்சரிக்கிறார். நம் தியானங்களோ அந்தப் பொங்கும் கணத்தில்தான் கை உயர்த்தச் சொல்கின்றன.

இரண்டாவது குறை சாட்சியம். நோய் தீர்ந்தது, கடன் அடைந்தது என்று மேடையில் அடுக்கும்போது, விட்டுவந்ததாக நினைத்த நேர்த்திக்கடன் பேரம் வேறு உடையில் திரும்பி வருகிறது. குணமளிக்கும் செபங்கள் குறித்து 2000 செப்டம்பர் 14இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல், வெறியுணர்ச்சிக்கும் நாடகத்தன்மைக்கும் பரபரப்புக்கும் இடம் தரக்கூடாது என்றது. முன்னோர் பாவம்தான் இன்றைய நோய்க்குக் காரணம் என்று சொல்லி நடத்தும் 'குடும்பச் சாப' செபங்களை 2024இல் ஸ்பெயின் ஆயர்களின் கோட்பாட்டு ஆணையம் கண்டித்தது. இங்கேயும் அந்தப் பேச்சு காதில் விழுகிறது. நோயாளியின் தலையில் தாத்தாவின் பாவத்தையும் ஏற்றுவது அருளாகாது.

மூன்றாவது, கூலி. தறியையோ வெள்ளிப் பட்டறையையோ நம்பிப் பிழைப்பவருக்கு ஐந்து நாள் விடுப்பு என்பது ஐந்து நாள் வருமானம். கடவுளோடு நெருங்குவது விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிடக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது, விசுவாசத்தில் வெதுவெதுப்பு எது என்பதில் உள்ள குழப்பம். திருவெளிப்பாடு நூல் லவோதிக்கேயா சபையை வெதுவெதுப்பானது என்று கண்டிப்பது உணர்ச்சி குறைந்ததற்காக அல்ல. எனக்கு எதுவும் தேவையில்லை என்ற அதன் நிறைவுக்காக. அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளையும் வறட்சியையும் சுமந்தார் என்பது 2007இல் அவரது கடிதங்கள் நூலானபோது உலகுக்குத் தெரிந்தது. அவரை வெதுவெதுப்பானவர் என்று யார் சொல்வார்? எதுவும் உணராமலே செபத்தில் நிலைத்திருப்பவர் கடவுளை விட்டு விலகியவர் அல்ல. ஆராதனையில் கண்ணீர் வடித்துவிட்டு, மகளுக்குச் சாதி பார்த்தே வரன் தேடுகிறவர், ஆளின் கூலியைப் பிடித்துவைக்கிறவர்தான் கடவுளை வாசலிலேயே நிறுத்தியவர். குடியும் கோபமும் பேசப்படும் அளவுக்குத் தியான மேடைகளில் சாதியும் கூலியும் பேசப்படுவதில்லை.

மாற்றுவழி நம் மண்ணிலேயே உண்டு. 1623இல் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். குருக்கள் எப்போதாவது வந்துபோன அந்த மதுரை மிஷன் காலத்தில் விசுவாசத்தைக் காத்ததில் உபதேசியார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆளை அறிந்து, வீட்டை அறிந்து செய்த பணி அது. இன்று அந்த இடத்தில் இருக்க வேண்டியது, பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியம். ஆனால் பல இடங்களில் அன்பியக் கூட்டம் செபமாலை, தேநீர், திருவிழா வரிக்கணக்கோடு முடிந்துவிடுகிறது. தியானத்தில் சூடு உண்டு, தொடர்ச்சி இல்லை. அன்பியத்தில் தொடர்ச்சி உண்டு, சூடு இல்லை.

எனவே தியானம் வேண்டாம் என்பதல்ல என் முடிவு. அதைத் தொடக்கமாக மட்டும் எண்ண வேண்டும். தவக்காலத் தியானத்தைத் தறி நின்றபிறகு, மாலையில், பங்கிலேயே நடத்தலாம். போய்வந்தவரை, மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்கும் ஒரு மூத்த விசுவாசியிடமோ அருள்சகோதரியிடமோ ஒப்படைக்கலாம். அந்தச் சந்திப்பில் "இன்னும் அழுகை வருகிறதா?" என்ற கேள்வி வேண்டாம். யாரோடு சமாதானம் ஆனீர்கள், யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தீர்கள், வறண்ட நாளிலும் செபித்தீர்களா என்று கேட்டால் போதும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் பங்குக்கு முரிங்கூர் ஒரு துணை. தேடாத பங்குக்கு அது ஆண்டுதோறும் போய்வரும் இன்னொரு திருத்தலம், அவ்வளவுதான்.