வாட்டர் பேப்பரின் வேலை

கார் பெயின்ட் பட்டறையில் கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் போடுகிற சத்தம் பெரிது. ஆனால் வண்டியில் முகம் பார்க்க வைப்பது, வாளித் தண்ணீரில் ஊறிக்கிடக்கும் கருப்புத் தாள்தான்.

சாதாரண உப்புத்தாள் நனைந்தால் நைந்துவிடும். இந்த வாட்டர் பேப்பரிலோ சிலிக்கான் கார்பைடு துகள்களைத் தண்ணீருக்கு அசையாத பசையால் ஒட்டியிருக்கிறார்கள். பிரான்சிஸ் ஓக்கி என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்த வகைத் தாளை 1921இல் த்ரீ எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூசி பறக்காமல் தேய்க்கலாம் என்பதே முதல் லாபம். தண்ணீர் துகள்களுக்கு இடையே உள்ள அடைப்பையும் கழுவிவிடும், சூட்டையும் தணிக்கும்.

துகளின் அளவைக் குறிக்கும் எண் ஏற ஏறத் தாள் நைஸாகும். 80 மரத்தையே சுரண்டும். 2000 விரலுக்கு வழவழவென்றே இருக்கும். பெயின்டின் மேல் 1000, 1500, 2000 என்று போக வேண்டும். முந்தைய தாள் விட்ட கீறலை அடுத்தது எடுக்கும். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால், பாலிஷ் போட்ட பிறகும் வெயிலில் அந்தக் கீறல் காட்டிக்கொடுத்துவிடும்.

கைதேர்ந்தவர் தேய்ப்பதைக் கவனியுங்கள். ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் ஓட்டுவார். பால் போல வழியும் கரைசலை வழித்துவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். விளிம்பில் பெயின்ட் மெல்லிசு என்பதால் அங்கே கை தானாக இளகும்.

இந்த வேலைக்குக் குறுக்குவழி கிடையாது. வண்டியைப் பட்டறையில் விட்டால், "எப்போ முடியும்?" என்று அவரை நச்சரிக்காதீர்கள்.