கை சுழற்றும் நகை

பிரெஞ்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனத்தார் 2006-ஆம் ஆண்டில் நிண்டெண்டோவின் 'வீ' கருவிக்கு அளித்த 'ரேமன் ரேவிங் ராபிட்ஸ்' என்னும் திரை ஆட்டம், பலர் கூடியிருந்து ஆடுதற்கென்றே அமைந்தது. கதை மிகச் சிறிது. நண்பனின் குழந்தைகளோடு வெளியில் விருந்துண்ண அமர்ந்த ரேமனை, நிலத்தைப் பிளந்து வந்த வெறி முயல்கள் சிறைப்படுத்துகின்றன. நாடோறும் அவன் களம் புகுந்து போட்டிகளில் வெல்லுதல் வேண்டும்.

நிற்க. இவ்வாட்டத்தின் உயிர் கதையில் இல்லை, கையில் உள்ளது. ஆடுவோர் பற்றியிருக்கும் கோல், கையின் அசைவை உணர்ந்து திரைக்கு உணர்த்தும். பசு எறியும் போட்டியைக் காண்க. தலைக்கு மேலே கையைச் சுழற்றினால், சங்கிலியிற் கட்டிய பசு திரையிற் சுழல்கிறது. விடும் நேரம் பிழைத்தால் வீச்சும் பிழைக்கிறது. கை செய்வதும் கண் காண்பதும் ஈண்டு ஒன்றாகின்றன. அருகிலிருப்போர் பசுவைக் கண்டு நகைப்பதா, பெரியவர் ஒருவர் கூடத்தின் நடுவே கை சுழற்றுவதைக் கண்டு நகைப்பதா என்று அறியார். இதுவே கலை.

ஆனால், பால் கறப்பதற்கும் ஓடுவதற்கும் இரு கைகளையும் மாறி மாறி உதற வேண்டியதே! செயல் வேறு, அசைவு ஒன்று என்றால் மிஞ்சுவது கைவலியே. எழுபதுக்கு மேற்பட்ட போட்டிகளுள் இக்குறை உடையன சில அல்ல.

முயல்களோ குறையற்றவை. பேச்சில்லை, பிதுங்கிய விழியும் அலறலும் மட்டுமே. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையைத் தொல்காப்பியர் வைத்தமைக்கு இவற்றினும் நல்ல சான்று தேட வேண்டுவதில்லை. நீர்மூழ்கும் முகமூடி அணிந்து வந்து, அதனுள் கேரட் சாறு நிறைய நிறைய விழிக்கும் முயலைக் கண்டவர் மறவார். மிஷேல் ஆன்செல் படைத்து 1995 முதல் புகழ்பெற்ற ரேமன் இவற்றின்முன் ஒளி மழுங்கினான். 2009-இல் வந்த 'ராபிட்ஸ் கோ ஹோம்' ஆட்டத்தில் அவனுக்கு இடமே இல்லை.

பெருங்குறை வேறொன்று. போட்டிகள் பலவும் கதைவழியே தனியொருவர் வென்று திறக்க வேண்டியவை. விருந்தினர் மூவர் வந்து அமர்ந்த பின்னும், வீட்டுக்காரர் முன்னரே தனித்திருந்து ஆடியிராவிடில் அவை பூட்டியே கிடக்கும்.